கொலும்பாவின் கையெழுத்து

வணக்கம். இன்று ஜூன் 9, புனித கொலும்பாவின் திருநாள். கி.பி. 597இல் இதே நாளில் ஐயோனாத் தீவில் அவர் கண்மூடினார்.

அயர்லாந்தில் அரச குடும்பத்துப் பிள்ளை. 563இல் 12 துணைவர்களோடு கடல் கடந்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அருகே சுமார் 5 கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தத் தீவில் மடம் கட்டினார். ஏன் ஊரை விட்டுப் போனார்? ஆசானின் திருப்பாடல் ஏட்டை, அதாவது பைபிளின் சங்கீதங்களை, ரகசியமாகப் படியெடுத்தாராம்; வழக்கு அரசனிடம் போனதாம்; ‘பசு யாருடையதோ கன்றும் அவருடையது, நூலும் அப்படித்தான்’ என்று தீர்ப்பாம்; அதனால் சண்டையாம். 561இல் போர் நடந்தது நிஜம். படியெடுத்த கதையோ ரொம்பப் பிற்காலத்தது. ஆனாலும் கதை கட்டியவர்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது. மனிதர் கடைசி நாள்வரை எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

அவர் ஆயர் (பிஷப்) அல்லர், வெறும் பாதிரியார்தான். அப்படியிருந்தும் ஐயோனா மடாதிபதிக்கு ஆயர்களே கட்டுப்பட்டிருந்ததை வினோதம் என்றே பழைய ஆங்கிலேயத் துறவியும் வரலாற்றாசிரியருமான பீட் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தக் கடைசி நாளுக்கு வருகிறேன். மடத்தின் ஒன்பதாவது தலைவர் அதோம்னான், நூறு ஆண்டு கழித்து எழுதியது. களஞ்சியத்துக்குப் போய்த் தானியம் போதுமா என்று பார்த்துவிட்டுக் கிழவர் திரும்புகிறார். பாதி வழியில் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். தொழுவத்திலிருந்து பால் சுமக்கும் வெள்ளைக் குதிரை வந்து அவர் மார்பில் தலை சாய்த்து அழுகிறது. பணிவிடைக்காரர் தியார்மித் விரட்டப் போகிறார். ‘விடப்பா, அழட்டும். உனக்குத் தெரியாதது அதற்குத் தெரிந்திருக்கிறது’ என்கிறார் கொலும்பா.

பிறகு குடிலுக்குப் போய்த் திருப்பாடலைப் படியெடுக்கிறார். 34ஆம் பாடல். ‘ஆண்டவரை நாடுவோர்க்கு எந்த நன்மையும் குறையாது’ என்ற வரியோடு பக்கம் முடிகிறது. ‘இத்தோடு நிறுத்துகிறேன், மீதியைப் பைத்தேன் எழுதட்டும்’ என்றார். அடுத்த வரி ‘வாரீர் பிள்ளைகளே’. அடுத்த மடாதிபதியும் பைத்தேன்தான். நள்ளிரவு மணி அடித்ததும் எழுந்து கோவிலுக்கு ஓடியவரைப் பீடத்தின் முன் இருட்டில் தடவித் தடவித்தான் தியார்மித் கண்டுபிடித்தார்.

பின்னாளில் ஐயோனாவில் மழை பொய்த்தது. துறவிகள் அவருடைய வெள்ளை அங்கியையும் அவர் கைப்பட எழுதிய ஏடுகளையும் எடுத்துக்கொண்டு உழுத வயலைச் சுற்றி வந்தார்கள். அங்கியை மூன்று முறை உதறினார்கள், ஏட்டைத் திறந்து வாசித்தார்கள். அன்றே மழை கொட்டியதாம். புனிதருக்குச் செய்யும் வணக்கம் என்றால் எனக்கு இதுதான் பிடிக்கிறது. ஏட்டைத் திறந்தார்கள், பாருங்கள்.

அயர்லாந்தில் வேறு மாதிரி ஆயிற்று. அவர் எழுதியதாக நம்பப்பட்ட திருப்பாடல் ஏட்டை ஓ’டானல் குலத்தார் பேழைக்குள் மூடி, போருக்கு முன் படையைச் சுற்றி எடுத்து வந்தார்கள். ‘கத்தாக்’, அதாவது போராளி என்றே அதற்குப் பெயர். பேழையை 1813இல் திறந்தபோது தோலேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. தண்ணீரில் ஊறவைத்துத்தான் பிரித்தார்கள். மிஞ்சியவை 58.