மீயொலித் தொட்டியும் எர்த் கம்பியும்

நேயர்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம். கிரே தெரு என்று நம்மவர்கள் இன்றும் அழைக்கின்ற டாக்டர் யூசுஃப் தாதூ தெருவின் நகைக்கடைகளிலும், டர்பனின் பல் மருத்துவமனைகளிலும், மூக்குக்கண்ணாடிக் கடைகளிலும், கார் இன்ஜெக்டர்களைக் கழுவித் தரும் பட்டறைகளிலும் மேசைமேல் ஒரு சிறிய எஃகுத் தொட்டியைக் காணலாம். அல்ட்ராசோனிக் மெஷின் என்று சொல்லப்படும் அந்த மீயொலித் துப்புரவுப் பொறியின் எர்த் இணைப்பைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். "போர்டில் எர்த் லீக்கேஜ் இருக்கிறதே, பிறகு எர்த் கம்பி எதற்கு?" என்ற கேள்வியைத் தொழில் தெரிந்தவர்கள்கூடக் கேட்கிறார்கள். மின்சாரம் கசிந்தால் தானே விழுந்து, அதாவது இணைப்பைத் துண்டித்துக் காக்கும் கருவியைத்தான் எர்த் லீக்கேஜ் என்கிறோம். எந்தப் பொறிக்கும் அந்த எண்ணம் தவறுதான் என்றாலும், இந்தப் பொறிக்கு அது மிகவும் ஆபத்தானது.

பொறியின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு ஏறத்தாழ 325 வோல்ட்டை எட்டுகிறது. பிறகு மின்னணுச் சுற்று அதை விநாடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும் மின்சாரமாக்கித் தொட்டியின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள பீங்கான் அதிர்வூட்டிகளுக்கு அனுப்புகிறது. அவற்றின் முனைகளில் பல நூறு வோல்ட் நிற்கும். அதிர்வு நீரில் நுண்ணிய குமிழிகளை உண்டாக்க, அவை உடையும் வேகத்தில் நகையில் படிந்த அழுக்கு பெயர்ந்து விடுகிறது. ஆனால் அந்தக் குமிழிகள் நகையை மட்டும் தேர்ந்தெடுத்துத் தாக்குவதில்லை. தொட்டியின் அடித்தகட்டையும் அவை நாள்தோறும் அரிக்கின்றன. பல ஆண்டுகள் உழைத்த தொட்டியில் விரலால் தடவினால் சொரசொரப்பாக இருப்பது அதனால்தான். ஒருநாள் அங்கே துளை விழுந்தால், சோப்பு கலந்த நீர் நேராக மின்சாரப் பகுதிமீது சொட்டும். நீருக்கும் மின்சாரத்துக்கும் நடுவே ஒரே ஒரு மெல்லிய தகடுதான் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

இவ்வாறு மின்சாரம் உலோக உடலுக்குக் கசியும்போது, அதைத் தடையின்றி நிலத்துக்குக் கொண்டுசென்று, போர்டில் உள்ள பாதுகாப்புக் கருவியை உடனே விழச் செய்வதே பச்சை மஞ்சள் நிற எர்த் கம்பியின் வேலை. அது அறுந்திருந்தால் தொட்டி முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கலாம். ஈரக் கையின் வழியே உடல் தரும் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொண்டால், பாயக்கூடிய மின்னோட்டம் 230 மில்லிஆம்பியர். 30 மில்லிஆம்பியரைக் கடந்தாலே, சற்று நேரம் நீடித்தால், இதயத்தின் துடிப்பு குலையும் அபாயம் தொடங்கிவிடுகிறது.

கம்பி அறுந்ததைப் பொறியே பல நேரங்களில் முன்கூட்டி அறிவித்துவிடும். தொட்டியின் விளிம்பைத் தொடும்போது விரல்நுனி சுரீரென்கிறது. கடைக்காரர் அதை அல்ட்ராசோனிக் அதிர்வு என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார். என் பார்வையில் இந்தத் துறையில் நிலவும் மிக மோசமான தவறான எண்ணம் இதுதான். பொறிக்குள் மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக வைத்துள்ள சிறிய மின்தேக்கிகள், எல்லாம் சரியாக இருக்கும்போதும் ஒரு துளி மின்சாரத்தை எர்த் கம்பிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். 4.7 நானோஃபாரட் அளவுள்ள மின்தேக்கி என்றால் அது சுமார் 0.34 மில்லிஆம்பியர். எர்த் கம்பி இல்லாதபோது அந்தத் துளிக்குப் போக்கிடம் தொடுகிறவருடைய உடல்தான். அந்த அளவு யாரையும் கொல்லாது. ஆனால் உண்மையான பழுது வரும்போது காக்க எதுவும் இல்லை என்பதற்கு அது சாட்சி. சுரீரென்ற உணர்வு வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

இனி எர்த் லீக்கேஜுக்கு வருகிறேன். 1950களின் நடுவில் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் பாதுகாப்பை மனத்தில் கொண்டு ஹென்றி ரூபின் நம் தென்னாப்பிரிக்காவிலேயே இதை மேம்படுத்தினார் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. இன்று நம் வீடுகளில் 30 மில்லிஆம்பியரில் விழும் கருவி அந்த வழியில் வந்ததுதான். எனினும் அது செய்வது ஒன்றே: லைவ் கம்பியில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று ஒப்பிடுகிறது. எர்த் கம்பி இல்லாத பொறியில் பழுது ஏற்பட்டாலும், யாராவது தொட்டு மின்சாரத்துக்கு வழி தரும்வரை அந்தச் சமநிலை குலையாது. ஆகவே கருவி விழுவதற்குமுன் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள ஒரு மனிதர் தேவைப்படுகிறார். எர்த் கம்பி இருந்தாலோ, யாரும் தொடுவதற்கு முன்பே அது விழுந்துவிடுகிறது. மேலும், அதிர்வூட்டிகளுக்கு முன்னால், சுவர் மின்சாரத்தோடு நேரடிக் கம்பித் தொடர்பு இல்லாதபடி பிரிக்கும் தனிப்படுத்தும் மின்மாற்றி உள்ள பொறிகளில், அதற்கு அப்பால் நிகழும் பழுது போர்டில் உள்ள கருவியின் கண்ணுக்குப் படவே படாது. அங்கே தொட்டியை நிலத்தோடு பிணைத்திருக்கும் கம்பிதான் எஞ்சியிருக்கும் காவல்.

டிசம்பர் விடுமுறை முடிந்து கடையைத் திறந்தவுடன் பொறி எர்த் லீக்கேஜை விழச் செய்வது டர்பனில் அடிக்கடி நடப்பது. தொட்டியைச் சூடாக்கும் ஹீட்டருக்குள் உள்ள மெக்னீசியம் ஆக்சைடு தூள், வாரக்கணக்கில் சும்மா கிடக்கும்போது நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக்கூடும். அப்போது சிலர் பிளக்கைக் கழற்றி எர்த் கம்பியை வெட்டிவிடுகிறார்கள். தொல்லை அத்தோடு நின்றுவிடுகிறது, கசிவு நிற்கவில்லை. முறையான வழி, ஹீட்டரைத் தனியே பிரித்து 500 வோல்ட் மின்காப்புச் சோதனைக் கருவியால் அளந்து, உலர்த்தித் தேறினால் வைத்துக்கொண்டு, தேறாவிட்டால் மாற்றுவதே.

பிளக்கும் கவனத்துக்குரியது. நம் பெரிய மூன்று உருண்டை முள் பிளக்கில் எர்த் முள் மற்ற இரண்டையும்விட நீளமானது. சாக்கெட்டில் முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறுவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொறிகள் பலவற்றில் ஐரோப்பிய ஷூக்கோ பிளக் இருக்கும். அதன் எர்த் தொடர்பு முள்ளாக இல்லாமல் பக்கவாட்டில் உள்ள தகடாக இருப்பதால், இரண்டு துளை மட்டும் கொண்ட மலிவான அடாப்டரில் செருகினால் பொறி ஓடும், எர்த் கிடைக்காது. அடாப்டரை நம்பாமல் பிளக்கையே மாற்றச் சொல்லுங்கள். உலோக உடல் கொண்ட பொறி இரண்டு கம்பி மட்டும் உள்ள வயரோடு வந்து, ஒன்றுக்குள் ஒன்றாக இரு சதுரம் போட்ட இரட்டை மின்காப்புக் குறியும் அதில் இல்லையென்றால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்க வேண்டாம்.

சோதித்துப் பார்ப்பது கடினமன்று. பிளக்கைப் பிடுங்கியபின், மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை எர்த் முள்ளிலும் மறுமுனையைத் தொட்டியின் பூச்சில்லாத எஃகிலும் வைத்து, வயரை இரு முனைகளிலும் மெல்ல வளைத்தபடி அளவைக் கவனியுங்கள். அது 1 ஓமுக்குக் கீழே அசையாமல் நிற்க வேண்டும், அதில் 0.2 அல்லது 0.3 ஓம் மீட்டர் வயர்களுடையதாகவே இருக்கும். ஒரே ஒரு இழை மட்டும் அறாமல் மிஞ்சியிருந்தாலும் மல்ட்டிமீட்டர் நல்ல அளவையே காட்டும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதிக மின்னோட்டம் செலுத்தி அளக்கும் கருவியுடைய பணியாளரைக் கொண்டு 0.1 ஓமுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

லோட் ஷெடிங் எனும் முறைவைத்த மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய சிறு ஜெனரேட்டர்கள் இன்னும் பல கடைகளின் பின்புறம் இருக்கின்றன. அவற்றுள் பலவற்றில் நியூட்ரல் எர்த்துடன் இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் எர்த் லீக்கேஜ் எதிர்பார்த்தபடி விழாது. இன்வர்ட்டருக்கும் இதே கேள்வி உண்டு. இதைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன்தான் சரிசெய்ய வேண்டும். அவர் தரும் இணக்கச் சான்றிதழ் சுவரில் உள்ள நிலையான மின்னமைப்புக்கு மட்டுமே உரியது, சாக்கெட்டில் செருகும் பொறிக்கு அன்று. ஊழியர்கள் கையாளும் பொறியைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் பொறுப்பை 1993ஆம் ஆண்டின் தொழில்சார் உடல்நலப் பாதுகாப்புச் சட்டம் முதலாளியின்மேல் சுமத்துகிறது.

கடைசியாக, பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. கழன்ற அதிர்வூட்டியை மீண்டும் ஒட்டுவதற்காகத் தொட்டியை வெளியே எடுக்கும்போது எர்த் திருகையும் கழற்றியாக வேண்டும். திரும்பப் பூட்டுகையில் துருவைச் சுரண்டி, விளிம்பில் பற்கள் கொண்ட பல்வாஷரை மாற்றி, வேறெந்தப் பாகத்தையும் தாங்காத தனித் திருகில் அந்தக் கம்பியை முறுக்குங்கள். மூடியைப் பூட்டியபின் மீண்டும் ஒருமுறை அளந்து, கிடைத்த அளவையும் தேதியையும் பொறியின் பின்புறத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு ஒப்பிட ஓர் எண் கிடைக்கும். வணக்கம்.