23 வருடம் கழித்து ஒரு படம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய ஆங்கிலப் படங்கள் என்று பேச்செடுத்தால் ஹிட்ச்காக், டேவிட் லீன் என்று இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். இன்றைக்கு எனக்குக் கிடைத்த நேரத்தை பிரிட்டிஷ் இயக்குநர் சார்லஸ் கிரைட்டனுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறேன்.

1910இல் பிறந்தவர். எடிட்டிங் அறை வழியாகச் சினிமாவுக்குள் வந்தவர். மைசூர் யானைப்பாகன் குடும்பத்துப் பையன் சாபு நடித்து 1937இல் வந்த 'எலிஃபண்ட் பாய்' படத்துக்கு எடிட்டர் இவர்தான். மைசூர்க் காட்டில் எடுத்ததும் இங்கிலாந்து ஸ்டூடியோவில் எடுத்ததும் ஒரே இடமாகத் தெரிய வேண்டும். அங்கே பழகிய கை அது.

பிறகு தயாரிப்பாளர் மைக்கேல் பால்கனின் ஈலிங் ஸ்டூடியோ. 1947இல் 'ஹ்யூ அண்ட் க்ரை' வந்தது. போர் முடிந்து இரண்டே வருடம். குண்டு விழுந்து இடிந்து கிடந்த லண்டன் தெருக்களிலேயே படம் பிடித்தார். அந்தக் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்து, விமானம் பாய்வதையும் குண்டு வெடிப்பதையும் வாயாலேயே சத்தம் போட்டு விளையாடிக்கொண்டிருப்பான். எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும் இடம் அது.

1951இல் 'த லாவெண்டர் ஹில் மாப்'. பேங்க் தங்கத்துக்குக் காவலாக வருடக்கணக்கில் வேனில் போய்வந்த சாதுவான குமாஸ்தா, அந்தத் தங்கத்தையே கொள்ளையடிக்கிறார். நடித்தவர் அலெக் கின்னஸ். தங்கத்தை உருக்கிக் குட்டி ஈஃபிள் கோபுரங்களாக வார்த்துப் பாரிசுக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஈஃபிள் கோபுரத்தின் மேலே இருக்கும் கடையில், கடைக்காரப் பெண் ஆறு குட்டிக் கோபுரங்களைத் தவறுதலாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விற்றுவிடுகிறாள். பிள்ளைகள் லிஃப்டில் இறங்குகிறார்கள். குமாஸ்தாவும் அவருடைய கூட்டாளியும் கோபுரத்தின் சுழல் படிக்கட்டில் ஓடுகிறார்கள். சுற்றிச் சுற்றி இறங்கியதில் தலை கிறுகிறுத்து, அடக்க முடியாத சிரிப்பு வந்துவிடுகிறது. கீழே வந்த பிறகும் நிற்க முடியாமல் சுழல்கிறார்கள். பிள்ளைகளோ கிளம்பிப் போயாகிவிட்டது. பார்க்கிற நமக்கும் தலை சுற்றும். ஒவ்வொரு ஷாட்டையும் எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்தவர் எடுத்த காட்சி அது. ஒரு தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், அப்போதும் சிரிப்பீர்கள்.

1955இல் ஈலிங் ஸ்டூடியோவை பிபிசி வாங்கியது. அப்புறம் கிரைட்டனுக்கு இறங்குமுகம். ஹாலிவுட்டில் 'பேர்ட்மேன் ஆஃப் அல்கட்ராஸ்' படத்தைத் தொடங்கி, அதன் கதாநாயகன் பர்ட் லங்காஸ்டரோடு ஒத்துப்போகாமல் பாதியில் விலகினார். 1965க்குப் பிறகு தியேட்டர் படமே இல்லை. தொலைக்காட்சித் தொடர்கள், கம்பெனி ஊழியர்களுக்கான பயிற்சிப் படங்கள் என்று கிடைத்ததைச் செய்தார். அதையும் ஒழுங்காகச் செய்தார்.

பயிற்சிப் படங்களில் உடன் வேலை பார்த்த நகைச்சுவை நடிகர் ஜான் க்ளீஸ் அவரை விடவில்லை. இருவரும் சேர்ந்து கதை பண்ணினார்கள். இவ்வளவு வயதானவரை நம்பிப் பணம் போடுவதா என்று ஸ்டூடியோ தயங்கியது. தேவைப்பட்டால் நான் இருக்கிறேன் என்று க்ளீஸ் பொறுப்பேற்றார். அதற்குத் தேவையே வரவில்லை. 1988இல் 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா' வெளிவந்தபோது உலகமே சிரித்தது.

அந்த வருட ஆஸ்கரில் சிறந்த இயக்குநருக்கான ஐந்து பேர் பட்டியலில் மார்ட்டின் ஸ்கோர்செஸி இருந்தார், மைக் நிக்கல்ஸ் இருந்தார். அவர்களோடு, 23 வருடம் தியேட்டர் படமே எடுக்காமல் இருந்த, 78 வயது சார்லஸ் கிரைட்டனும் இருந்தார்.

நன்றி, வணக்கம்.