நாமக்கோழிக்கு வாத்துக்கால்

(திருப்பூரில் லினோ அச்சுப் பயிற்சி நாளன்று காலை பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் நின்றுகொண்டு பிரிண்டிங் பற்றிப் பேசத் துணிச்சல் வேண்டும். இங்கே பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பனியனுக்கு ஸ்கிரீன் பிடித்திருப்பார்கள். நானும் 11 வருடம் பிடித்தவன்தான். ஸ்கிரீனில் வலைக்கண் வழியாக மை இறங்கும். லினோ, அதாவது லினோலியத் தகட்டில் உளியால் படம் வெட்டி அச்செடுப்பது, அப்படி இல்லை, ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. மேடாக நிற்பது மட்டும் மை வாங்கும், நாம் தோண்டி எடுத்த இடம் தாளில் வெள்ளையாக நிற்கும். இடது பக்கம் பார்க்கிற பறவை அச்சில் வலது பக்கம் பார்க்கும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இது மண்டையிலிருந்து கைக்கு இறங்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

இந்தத் தகட்டைக் கையில் வாங்கி முகர்ந்து பாருங்கள். ஆளிவிதை எண்ணெய் வாசம். பெயிண்ட் டப்பாவை மூடாமல் விட்டால் மேலே பாலாடை மாதிரி ஒரு தோல் படியுமே, அதைப் பார்த்துத்தான் ஃபிரெடரிக் வால்டன் என்ற இங்கிலாந்துக்காரருக்கு இந்த யோசனை வந்தது. எண்ணெயைக் காற்றில் இறுக வைத்து, தக்கைத்தூளும் மரத்தூளும் கலந்து, முரட்டுத் துணியில் அழுத்தினார். 1863இல் காப்புரிமை வாங்கினார். வீட்டுத் தரையில் விரிப்பதற்குத்தான். படம் வெட்டலாம் என்பது பிற்பாடு வந்த புத்தி. எண்ணெய்ச் சரக்கு என்பதால் குளிரில் விறைத்துக்கொள்ளும். மார்கழிக் காலையில் வெட்ட உட்கார்ந்தால் உளி வழுக்கும், ஓரம் உதிரும். பத்து நிமிஷம் வெயிலில் போட்டு எடுங்கள். அப்புறம் உளிக்கு முன்னால் சுருள் சுருளாகக் கழன்று வரும்.

சரி, எதை வெட்டுவது? பத்தில் ஒன்பது பேர் மயில் என்பார்கள். வேண்டாமுங்க. மயிலின் அழகு நிறத்தில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுத் தோகையை வெட்டினால் சல்லடைதான் மிஞ்சும். நஞ்சராயன் குளத்துக்குப் போங்கள். 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததே, நம் குளம்தான். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைத் தேடி எல்லாரும் கேமராவோடு நிற்பார்கள். நீங்கள் நாமக்கோழியைப் பாருங்கள். உடம்பெல்லாம் கறுப்பு. வெள்ளை அலகு, அதிலிருந்து நெற்றிக்கு ஏறும் வெள்ளைப் பட்டை, அதுதான் நாமம். லினோவுக்கென்றே செய்து வைத்த பறவை. உடம்பைத் தொடவே வேண்டாம். அலகையும் நாமத்தையும் சுற்றியிருக்கும் தண்ணீரையும் வெட்டினால் கோழி எழுந்து நிற்கும்.

கொக்கு இதற்கு நேர்மாறு. கொக்கை முழுசாகத் தோண்டிப் போட்டுவிட்டு, அதன் பின்னால் நிற்கும் கோரையையும் நிழலையும் காப்பாற்றி வைக்க வேண்டும். 1930இல் உப்புச் சத்தியாக்கிரகத்தை ஒட்டி ஓவியர் நந்தலால் போஸ் செய்த படம் பலர் பார்த்திருப்பீர்கள், கோலை ஊன்றி நடக்கும் காந்தி. அது லினோகட். கறுப்புக்கு நடுவே கொஞ்சம் வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். ஆள் நடக்கிறார்.

வால்பாறை பக்கம் போகிறவர்கள் சிங்கவால் குரங்கை வெட்ட ஆசைப்படுவீர்கள். கறுப்பு முகம், சுற்றி வெளிறிய பிடரி. முகத்திலிருந்து வெளியே, மயிர் போகும் திசையிலேயே உளி ஓட வேண்டும். லேசாகத் தொட்டு, நடுவில் அழுத்தி, மறுபடி லேசாகத் தூக்கிவிட வேண்டும். எல்லாக் கோட்டையும் ஒரே அழுத்தத்தில் இழுத்தேன், என் முதல் குரங்கு கழுத்தில் விளக்குமாறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சிலை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில் திறப்பார்கள். நாம் முதலில் திறந்துவிட வேண்டும். கண்ணில் இருக்கும் ஒளிப்புள்ளி கடுகில் பாதிகூட வராது. உளி ஒரு நூல் தள்ளிப் போனால் பறவை குருடு. தொடக்கத்திலேயே போனால் பத்து நிமிஷ நஷ்டம். இரண்டு நாள் இறகு வெட்டி முடித்த பிறகு எனக்குப் போயிருக்கிறது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அப்புறம், உளிக்கு முன்னால் அடுத்த கையை வைக்காதீர்கள். இந்தக் கட்டைவிரலில் மூன்று தையல்.

மை போடும்போது கண்ணைவிடக் காதுக்குத்தான் வேலை. கண்ணாடி மேல் ரோலரை ஓட்டுங்கள். சேற்றில் கால் வைத்து எடுப்பது மாதிரிச் சத்தம் வந்தால் மை கூடிப்போச்சு. சன்னமாகப் பட்டுச்சேலை உரசுவது மாதிரி வர வேண்டும். அச்சு இயந்திரம் இல்லையென்றால் மரக்கரண்டியின் முதுகால் தாளைத் தேய்த்தாலே போதும். எண்ணெய் மை காயச் சில நாள் ஆகும், கொடியில் கிளிப் போட்டுவிடுங்கள். துடைக்கக் கடலை எண்ணெய் போதும். விலையை எங்கள் வீட்டம்மா ஞாபகப்படுத்துவார், அது வேறு கதை.

ஒன்றைச் சொல்லிவிட்டு உளியைக் கையில் கொடுத்துவிடுகிறேன். என் முதல் நாமக்கோழியைக் கரையில் நிற்கிற மாதிரி வெட்டினேன். 20 பிரதி எடுத்து, அடியில் பென்சிலால் 1/20, 2/20 என்று எண் போட்டுக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. குளத்துப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தேன். எட்டப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது கண்ணு. கோழிக்கு எதுக்கு வாத்துக்காலு வெச்சே?" என்றார்.

வீட்டுக்கு வந்து நான் எடுத்த போட்டோவையெல்லாம் புரட்டினேன். எல்லாவற்றிலும் கோழி தண்ணீரில் மிதக்கிறது, காலே இல்லை. அடுத்த ஞாயிறு விடியும் முன்னே போய்க் கரையில் குப்புறப் படுத்துக் கிடந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒன்று மேலே ஏறியது. விரலுக்கு விரல் சவ்வு இல்லை. ஒவ்வொரு விரலிலும் தனித்தனியாக, கணுவுக்குக் கணு இலை ஒட்டியது மாதிரி மடல்.

லினோவில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. ஆனால் நான் போட்டிருந்த சவ்வு வெட்டாமல் விட்ட கறுப்பு. விரல்கள் அதற்குள்ளேயே இருந்தன. அன்று சாயங்காலமே சின்ன உளியால் இடையில் இருந்ததை எடுத்தேன். பெரியவரிடம் புதுப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பழையதைத் திருப்பித் தரமாட்டேன் என்றுவிட்டார். அதனால் பின்சுவரில் மாட்டியிருப்பது 2/20, பக்கத்தில் திருத்தியது. காலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசைக்கு வாங்க, லினோவை வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன்.