பெயரை விட்டுத் திருமணத்தைப் பிடியுங்கள்: கியூபெக்கின் முதல் பிரெஞ்சுக் குடியேறிகளைத் தேடி

(காட்சி: செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரை, கியூபெக் நகரின் பழைய வரைபடம்)

வணக்கம். பரம்பரைத் தேடலில் அரச குலத்தாருக்கும் பெரும் நிலக்கிழார்களுக்கும்தான் ஆவணங்கள் துணை நிற்கும் என்பது பொதுவான எண்ணம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வேர் கொண்ட பிரெஞ்சுக் குடும்பங்களுக்கு அது பொருந்தாது. அங்கே ஒரு சாதாரண உழவரின் வழிவந்தவரும், ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலேறி வந்த முன்னோர் வரை, தலைமுறை விடாமல் எண்ணிச் செல்ல முடிகிறது.

(காட்சி: தோல் அட்டையிட்ட ஆலயப் பதிவேடு)

இதற்கான காரணம் பிரான்சில் இருக்கிறது. திருமுழுக்குகளை (ஞானஸ்நானங்களை) ஊர் ஆலயக் குருக்களான பங்குத்தந்தையர் பதிவு செய்ய வேண்டும் என்று 1539இல் ஓர் அரசாணை பிறந்தது. 1579இல் திருமணங்களும் அடக்கங்களும் அதில் சேர்ந்தன. 1667ஆம் ஆண்டின் ஆணை, ஒவ்வொரு பதிவேட்டையும் இரண்டு படிகளாக எழுதி, ஒன்றை ஆலயத்திலும் மற்றொன்றை நீதிமன்றத்திலும் வைக்கச் சொன்னது. இந்த வழக்கம் கடல் கடந்து, வட அமெரிக்காவில் பிரான்சின் குடியேற்றப் பகுதியான புதிய பிரான்சுக்கும் வந்தது. ஒரு படி எரிந்தாலும் மற்றொரு படி மிஞ்சும் என்ற ஏற்பாடு எவ்வளவு தேவையானது என்பதைக் கியூபெக் மக்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தனர்: 1640இல் அவர்களுடைய ஆலயம் தீக்கிரையானபோது பதிவேடுகளும் அழிந்தன; நினைவிலிருந்தே அவற்றைத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

(காட்சி: ஒரு திருமணப் பதிவு, பெற்றோர் பெயர்கள் ஒளிர்கின்றன)

தேடத் தொடங்குவோர் பலரும் பிறப்புப் பதிவைத்தான் முதலில் தேடுகின்றனர். ஆனால் ஏணியாக உதவுவது திருமணப் பதிவே. முதல் திருமணம் செய்துகொள்ளும் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும், பெரும்பாலும் அவர்களுடைய ஊரும், அதில் எழுதப்பட்டிருக்கும். மனைவியர் தம் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கப்படுவதால், தாய்வழியும் தந்தைவழியைப் போலவே தெளிவாகத் தொடர்கிறது. உங்கள் பாட்டனாரின் திருமணம் கிடைத்தால் அவருடைய பெற்றோர் பெயர் கிடைக்கும். அந்தப் பெற்றோரின் திருமணத்தைத் தேடினால் அடுத்த படி. மறுமணப் பதிவில் மட்டும் கவனம் வேண்டும், ஏனெனில் அதில் பெற்றோர் பெயருக்குப் பதிலாக இறந்துபோன முந்தைய துணைவரின் பெயர் மட்டுமே இருப்பதுண்டு. அப்போது முதல் திருமணத்தைத் தேடிப் பின்னோக்கிப் போக வேண்டும்.

மணமக்கள் நெருங்கிய உறவினராக இருந்தால், திருச்சபை அளித்த விலக்கு அனுமதியும் பதிவில் குறிக்கப்பட்டிருக்கும். எத்தனையாவது தலைமுறையில் இருவருக்கும் பொது முன்னோர் என்பதைக் காட்டும் அந்த ஒற்றை வரி, அறுந்துபோன கிளையைச் சேர்த்துவிடுவதுண்டு.

(காட்சி: ஒரே குடும்பத்துக்கு இரண்டு பெயர்கள்)

நம்பக் கூடாதது குடும்பப் பெயரைத்தான். நம் ஊர்களில் பட்டப்பெயர் இயற்பெயரை விழுங்கிவிடுவதைப் போலவே அங்கும் நடந்தது. 1665இல் வந்த கரிஞான்-சாலியேர் என்னும் பிரெஞ்சுப் படைப்பிரிவின் ஏறத்தாழ 1,200 வீரர்களில் சுமார் 400 பேர் அங்கேயே தங்கினர். படையில் பூ என்னும் பொருளுடைய 'லாஃப்லர்', கவலையற்றவன் என்னும் பொருளுடைய 'சான்சூசி' போன்ற பெயர்களால் அழைக்கப்படுவது வழக்கம். ஒரு மகன் தந்தையின் பெயரையும் இன்னொரு மகன் பட்டப்பெயரையும் வைத்துக்கொள்ள, உடன்பிறந்தவர்களின் சந்ததியினர் இன்று வேறு வேறு குடும்பத்தார் போலத் தோன்றுகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆலைகளில் வேலை தேடிச் சென்றவர்களுள், பெயரை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு, சில 'ருவா'க்கள் 'கிங்' ஆயினர்; சில 'புவாவேர்'கள் 'கிரீன்வுட்' ஆயினர். தேடல் முட்டி நிற்கும்போது அந்தப் பெயரைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துப் பாருங்கள்.

டி.என்.ஏ. பரிசோதனையை இங்கே நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். சிறிய மக்கள்தொகை தலைமுறை தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்துகொண்டதால், தூரத்து உறவினரும் நெருங்கிய உறவினர் போலத் தெரிவார்கள்.

(காட்சி: 1666ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பக்கம்)

ஏணியின் மேல் படிகளில் கூட்டம் குறைவு. நிர்வாகி ஜான் தலோன் நடத்திய 1666ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவான குடியேறிகள் 3,215 பேர் மட்டுமே. 1663 முதல் 1673 வரை, மன்னர் பதினான்காம் லூயியின் செலவில் மணமாவதற்கென வந்த ஏறத்தாழ 770 பெண்கள், 'மன்னரின் மகள்கள்' எனப்பட்டவர்கள், பெரும்பாலான கியூபெக் குடும்பங்களின் மூதாதையர் வரிசையில் இடம்பெறுகின்றனர். அவர்களுடைய திருமணப் பதிவிலோ நோட்டரி எழுதிய திருமண ஒப்பந்தத்திலோ உள்ள பிரெஞ்சுப் பங்கின் (ஆலய வட்டாரத்தின்) பெயரே, அடுத்து பிரான்சின் எந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்லும்.

(காட்சி: கோடரி வடிவக் குறி)

பிரான்சின் பெர்ஷ் பகுதியிலுள்ள மோர்த்தாஞ் ஊரிலிருந்து 1634இல் வந்த தச்சர் சக்கரி குளூத்தியே, இன்று எண்ணற்ற கியூபெக் குடும்பங்களின் பட்டியலில் மேலே நிற்பவர். அவருடைய மகள் ஆனுக்காக 1636இல் எழுதப்பட்ட திருமண ஒப்பந்தம் இன்றும் இருக்கிறது. எழுதத் தெரியாத அந்தத் தந்தை, பத்திரங்களில் கையெழுத்துக்குப் பதிலாகத் தம் தொழிலின் கோடரியை வரைந்து வைத்தார்.