பாட்டியின் 20 முத்துகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில் மகள் வீட்டில் சில வருடங்கள் இருந்தேன். வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் பகுதி. பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினப் பாட்டி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நானும் டீச்சராக இருந்தவள் என்பதால் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசியே நெருங்கிவிட்டோம். ஒருநாள் அவர் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு முத்துமாலை. "எண்ணிப் பாருங்கள்" என்றார். எண்ணினேன், 20 முத்துகள். லேசாகப் பழுப்பேறிய முத்துகள். ஆனால் அவற்றுக்கு நடுவே இருந்த நூல் முடிச்சுகள் மட்டும் வெள்ளை வெளேரென்று புதிதாக இருந்தன. அது அவருடைய அம்மாவின் மாலை. நூல் இற்றுப்போகும்போதெல்லாம் கடையில் கொடுத்துக் கோத்து வாங்கிவிடுவாராம்.

"அம்மா போட்டது, நான் போட்டது, அடுத்து என் பேத்தி" என்றார். நடுவில் மகள் பெயரே வரவில்லை. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. அந்தக் கதை பிறகுதான் தெரிந்தது.

அந்த 20 முத்துகளும் ஒரு சங்கத்தை நிறுவியவர்களாகப் போற்றப்படும் 20 பெண்களைக் குறிப்பவை. 1908 ஜனவரி 15 அன்று, வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற மாணவியர் சங்கம் தொடங்கியது. சுருக்கமாக ஏ.கே.ஏ. என்பார்கள். கறுப்பினப் பெண்கள் தங்களுக்கென்று தொடங்கிய முதல் சொராரிட்டி அதுதான். லத்தீனில் சொரார் என்றால் சகோதரி. உறுப்பினர்கள் இன்றைக்கும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். தொடங்கும் யோசனையை முன்னெடுத்தவர் எத்தல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி. அடிமைமுறை ஒழிந்து அப்போது 43 வருடங்கள்தான் ஆகியிருந்தன. அடிமையாகப் பிறந்தவர்களின் பேத்திகள் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருந்த காலம் அது.

நம் ஊரில் கல்லூரிச் சங்கம் என்றால் மூன்று வருடம், பிரிவு உபசார விழா, ஒரு குரூப் போட்டோ, அதோடு சரி. அங்கே அப்படி இல்லை. சேர்ந்தால் ஆயுளுக்கும் உறுப்பினர். பட்டம் வாங்கியவர்களுக்கு ஊருக்கு ஊர் தனிக் கிளை உண்டு. படிக்கும்போது சங்கத்தில் சேர முடியாமல் போனவர்கள், பட்டம் வாங்கி வேலைக்குப் போன பிறகும் அந்தக் கிளைகள் வழியாகச் சேரலாம். அதனால் 20 வயதுப் பெண்ணும் 85 வயதுப் பாட்டியும் ஒரே சங்கத்தில் இருப்பது அங்கே சாதாரணம். அம்மாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்தால் அந்தப் பெண்ணை 'லெகசி' என்கிறார்கள். குடும்ப வாரிசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாரிசு என்பதற்காக மட்டும் உள்ளே போய்விட முடியாது. அவளும் மார்க் வாங்க வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும்.

சரி, மகள் கதைக்கு வருகிறேன். பாட்டி ஏ.கே.ஏ. ஆனால் மகள் போய்ச் சேர்ந்தது டெல்டா சிக்மா தீட்டாவில். இந்த இரண்டு சங்கங்களின் உறவே ஒரு குடும்பக் கதைதான். சங்கத்தின் பெயர், நிறம், நோக்கம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஏ.கே.ஏ.வுக்குள் இருந்த சிலர் 1912இல் கேட்டார்கள். ஒத்துவரவில்லை. 22 பேராகச் சேர்ந்து 1913 ஜனவரி 13 அன்று டெல்டாவைத் தொடங்கினார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 3 அன்று வாஷிங்டன் தெருவில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் இறங்கிவிட்டார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசி வரிசைக்குப் போகட்டும் என்ற பேச்சு அடிபட்ட ஊர்வலம் அது. அந்தப் பிள்ளைகளின் நெஞ்சுரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆக, பாட்டி வீட்டில் ஏ.கே.ஏ.வின் நிறங்களான இளஞ்சிவப்பும் பச்சையும். மகள் வீட்டில் டெல்டாவின் கருஞ்சிவப்பும் வெண்மஞ்சளும். மகள் டெல்டா என்று தெரிந்த அன்று பாட்டி ஒரு வார்த்தை பேசவில்லையாம். மாலையை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். "இருபது வருஷத்துக்கு மேல் மூடியே இருந்தது" என்றார். அதைச் சொல்லும்போதும் குரல் கொஞ்சம் இறங்கியது.

குடும்பப் பெருமை என்றதும் நமக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. வசதியானவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் பிடித்து வைக்கும் ஏற்பாடுதானே இது? வெள்ளையர்களின் பழைய சொராரிட்டிகள் பலவற்றில் அது உண்மைதான். ஒரு காலத்தில் கறுப்பினப் பெண்களை அவை சேர்க்கவே இல்லை. பாட்டியையே சேர்க்காத இடத்தில் பேத்தி எப்படி வாரிசாக முடியும்? 2020ஐ ஒட்டி அவற்றில் பல, வாரிசுகளுக்குத் தந்த முன்னுரிமையைக் கைவிட்டன. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள்.

பாட்டியிடம் இதைக் கேட்டேன். அவர் அம்மாவின் காலத்துச் செய்தி ஒன்றைச் சொன்னார். 1935இல் தொடங்கி ஏழெட்டு வருடங்கள், கோடைதோறும், ஏ.கே.ஏ. பெண்கள் மிசிசிப்பிக்குப் போய் மருத்துவ முகாம் நடத்தினார்கள். தலைமை தாங்கியவர் டாக்டர் டாரதி ஃபெரெபீ. பருத்திக் காட்டில் குத்தகைக்கு உழைத்த ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதும்தான் வேலை. பண்ணை முதலாளிகள் பலர் ஆட்களை முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். அதனால் இவர்கள் மருந்து, ஊசி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கே போய்விட்டார்கள். "என் அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து இந்த வேலைதான்" என்றார் பாட்டி. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நம்மவர்களுக்கும் இதில் ஓர் ஒட்டுறவு உண்டு. கமலா ஹாரிஸ் 1986இல் ஹோவர்டில் படிக்கும்போது ஏ.கே.ஏ.வில் சேர்ந்தார். அவருடைய அம்மா சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண், 19 வயதில் தனியாக கலிபோர்னியாவுக்குப் படிக்கப் போனவர். அவர் இந்தச் சங்கத்தில் இல்லை. கமலாவுக்கு வழிகாட்டியது அவர் ஆன்ட்டி என்று அழைத்த ஒரு குடும்பத் தோழி. ரத்த உறவு கிடையாது. அந்தத் தோழி ஹோவர்டில் படித்தவர், ஏ.கே.ஏ. உறுப்பினர். நம் ஊரில் அம்மாவின் சிநேகிதியைச் சித்தி என்போமே, அப்படி ஒரு சித்தி வழியாகவும் அங்கே இந்த மரபு இறங்குகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

பாட்டியின் பேத்தி ஏ.கே.ஏ.வில் சேர்ந்ததை வெளியே அறிவித்த நாளில் என்னையும் கூட்டிப்போனார்கள். சேரும் சடங்கு ரகசியம், வெளியார் பார்க்க முடியாது. அறிவிப்பு மட்டும் ஊரறிய நடக்கும். முகத்தை மூடிய பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நெருக்கமாக நடந்து வந்தார்கள். தரையில் கால் தட்டும் தாளம். ஒவ்வொருவராக முகமூடியை எடுக்க எடுக்க, கூட்டத்தில் அந்தந்த வீட்டார் கத்தினார்கள். பேத்தி முகம் தெரிந்ததும் பக்கத்தில் "ஸ்கீ-வீ!" என்று ஒரு கீச்சுக் குரல். அது அவர்கள் சங்கத்தின் அழைப்பொலி. திரும்பிப் பார்த்தேன், பாட்டி! அப்புறம் மாலையை எடுத்தார். விரல் நடுங்கியதில் கொக்கி மாட்டவில்லை. கருஞ்சிவப்புக் கோட்டு போட்டிருந்த மகள்தான் குனிந்து, அம்மாவின் கையிலிருந்து வாங்கி, தன் பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

பாட்டி போன வருஷம் காலமானார். இறுதி மரியாதையில் சங்கத்துக்கென்று ஒரு சடங்கு உண்டு. வெள்ளை உடுத்திய பெண்கள் வரிசையாக நின்று, மறைந்த தங்கள் சொராருக்கு விடைகொடுத்தார்கள். முன்வரிசையில் குடும்பத்தார். மகள் பக்கத்தில் பேத்திக்கு ஓர் இருக்கை போட்டிருந்தார்கள். பேத்தி வந்தாள், வெள்ளை உடையில், கழுத்தில் அந்த மாலையோடு. இருக்கைக்கு அருகில் ஒரு கணம் நின்றாள். அம்மா தலையசைத்தாள். பேத்தி போய் அந்த வெள்ளை வரிசையின் கடைசியில் நின்றுகொண்டாள்.

வணக்கம்.