பாலக்காட்டுக் கணவாய்க்கு இருபுறமும்

நண்பர்களே, வணக்கம். புலிக்கும் யானைக்கும் பேச மேடைகள் நிறைய உண்டு. நான் இரண்டு சிறு குருவிகளுக்காக வந்திருக்கிறேன்.

ஒன்று நீலகிரி சோலைக்கிளி, மற்றொன்று வெண்வயிற்று சோலைக்கிளி. பெயரில்தான் கிளி, உண்மையில் இரண்டும் ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பாட்டுப் பறவைகள். மலைச்சோலையின் இருட்டில், ஈரச் சருகுகளுக்கிடையே நீண்ட கால்களால் துள்ளித் துள்ளிப் பூச்சி தேடும். ஆண், பெண் பேதம் தெரியாது. இரண்டுக்கும் முதுகு கருநீலம், வயிற்றின் நடுப்பகுதி வெள்ளை. விலாவைப் பாருங்கள்: துரு நிறமென்றால் நீலகிரிக்காரர், சாம்பல் கலந்த நீலமென்றால் ஆனைமலை, பழனிமலைக்காரர்.

இவற்றைப் பிரித்தது, மேற்குத் தொடர்ச்சி மலையின் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளியான பாலக்காட்டுக் கணவாய். குளிர்ந்த மலை உச்சிகளை விட்டு இறங்காத பறவைக்கு அந்தச் சமவெளி கடலுக்குச் சமம். நெடுங்காலமாக வேறெங்கோ உள்ள பறவைகளின் உறவாகவே இவற்றை வகைப்படுத்தி வந்தார்கள். மரபணுவை ஆராய்ந்த பிறகுதான், 2017-ல், ‘சோலிகோலா’ என்ற தனிப் பேரினம் கிடைத்தது. உலகில் வேறெங்கும் இல்லாத பேரினம் நம் மலைகளில்!

உயிரினங்களின் அழிவு அபாயத்தை வரிசைப்படுத்தும் பன்னாட்டுச் செம்பட்டியலில் வெண்வயிற்றுப் பறவை ‘பாதிப்புக்குள்ளாகக்கூடியது’. நீலகிரிப் பறவை அதற்கும் ஒரு படி மோசமாக, ‘அருகிவரும் இனம்’. ஊட்டிப் பக்கம் போனவர்கள் கேட்பார்கள்: “அடிக்கடி கண்ணில் படுகிறதே?” நியாயமான கேள்விதான். ஆனால் நீலகிரியையும் அதற்கு வடக்கேயுள்ள சில உச்சிகளையும் விட்டால் அதற்குப் போக்கிடம் கிடையாது. அந்தச் சோலைகளிலும் பெரும்பகுதியை வெள்ளையர் காலம் தொட்டே தேயிலையும் தைலமரமும் விழுங்கிவிட்டன. எஞ்சியவை துண்டு துண்டாக நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டமும் பச்சைதான். குருவிக்கு அது வெட்டவெளி.

கணவாய்க்குத் தெற்கேயும் நிலைமை பெரிதாக வேறில்லை. காடு துண்டான இடங்களில் வெண்வயிற்று சோலைக்கிளியின் பாட்டே வேறுபடுகிறது என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மரம் வெட்டுவதை நிறுத்தினால் மட்டும் போதாது, துண்டுகளுக்கு நடுவே சோலை மரங்களை வளர்த்து இணைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

படம் எடுக்கும் தம்பிகளிடம் ஒரு வேண்டுகோள். பதிவு செய்த பாட்டைச் செல்பேசியில் ஒலிக்கவிட்டு இவற்றை வெளியே இழுக்காதீர்கள். எதிரி எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று நினைத்துக் கூட்டை விட்டு ஓடிவரும். நீங்கள் மலையேறும் அதே கோடையில்தான் அவை குஞ்சு பொரிக்கின்றன.