உங்க பேர்ல சொந்தக்காரங்க வாங்கின கடன்: பெங்களூருல இருந்துக்கிட்டு என்ன செய்யலாம்?

வணக்கம் மக்களே. தலைப்பைப் பார்த்துட்டுதான் உள்ள வந்திருப்பீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வரேன். மச்சானோ, அண்ணனோ, சித்தி பையனோ உங்க பேர்ல கடன் எடுத்துட்டாரு. ரெண்டு மூணு மாசம் கட்டினாரு, அப்புறம் நிறுத்திட்டாரு. இப்போ கலெக்‌ஷன் ஆளு உங்க நம்பருக்குக் கூப்பிடுறான். அல்சூர்ல இருந்தாலும் சரி, ஸ்ரீராம்புரத்துல இருந்தாலும் சரி, கே.ஆர்.புரத்துல இருந்தாலும் சரி, செய்ய வேண்டியது ஒண்ணுதான். போலீஸ் ஸ்டேஷன் நடைமுறை மட்டும் கர்நாடகா கணக்குல சொல்றேன்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கோங்க. அந்தக் காசை யார் செலவு பண்ணினாங்கன்னு பேங்க் கேக்கவே கேக்காது. கையெழுத்து யாரோடது, ஓடிபி எந்த நம்பருக்குப் போச்சு, பணம் எந்த அக்கவுண்ட்ல விழுந்துச்சு, இந்த மூணுதான் அவங்க கணக்கு. "சார், எல்லாம் அவன்தான் சார் எடுத்துக்கிட்டான்"னு நீங்க ஒரு மணி நேரம் பேசினாலும் பிரயோஜனம் இல்ல. அதனால அவன்கிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி, உங்க கேஸ் எந்த வகைன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

அதுக்கு கிரெடிட் ரிப்போர்ட் எடுங்க, உங்க பேர்ல இருக்கிற கடனெல்லாம் அதுல வரும். அதைக் குடுக்க இந்தியாவுல நாலு கம்பெனி இருக்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமா குடுக்கணும். சைட்டுக்குள்ள போனா மாசச் சந்தா பிளான் வாங்கச் சொல்லி ஒரு பக்கம் வரும். அதுல ஏமாந்து காசு கட்டாதீங்க, இலவச ரிப்போர்ட் லிங்க் தனியா இருக்கும், தேடுங்க. நாலுலயும் எடுங்க. ஏன்னா சில கடன் ஒண்ணுல தெரியும், இன்னொண்ணுல தெரியாது. குறிப்பா பொம்பளைங்க குழு லோன், மைக்ரோ ஃபைனான்ஸ் சமாச்சாரம்னா கிரிஃப் ஹை மார்க்க விட்டுடாதீங்க.

இப்போ ஸ்க்ரீன்ல ஒரு மாதிரி ரிப்போர்ட் போட்டிருக்கேன், பாருங்க. எல்லாரும் ஸ்கோரைப் பார்த்துட்டு மூடிடுறாங்க. ஸ்கோர் இப்போ முக்கியம் இல்ல. மேல பாருங்க, கான்டாக்ட் விவரம்னு ஒரு பகுதி. உங்க பேருக்கு நேரா நாலு போன் நம்பர், மூணு அட்ரஸ் இருக்கு. அதுல உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நம்பர் இருந்தா, அது பெரும்பாலும் கடன் அப்ளிகேஷன்ல குடுத்த நம்பர். அந்த நம்பர் மச்சானோடதா இருந்தா, அதுவே உங்க முதல் சாட்சி. அப்படியே கீழ வாங்க. ஒவ்வொரு கடனுக்கும் ஓனர்ஷிப்னு ஒரு கட்டம். இண்டிவிஜுவல்னா நீங்க தனியா வாங்கினது. ஜாயிண்ட்னா கூட்டா வாங்கினது. கேரண்டார்னா ஜாமீன். கடைசியில என்கொயரி பகுதி இருக்கு. எந்த தேதியில, எந்த கம்பெனி, எவ்ளோ தொகைக்கு உங்க ரிப்போர்ட்டைத் தட்டிப் பார்த்துச்சுன்னு வரும். ஒரே வாரத்துல அஞ்சு கம்பெனி தட்டியிருந்தா, யாரோ உங்க பேன் கார்டை வச்சுக்கிட்டு கடை கடையா ஏறி இறங்கியிருக்காங்கன்னு அர்த்தம்.

சரி. இப்போ வகையைப் பிரிப்போம். நீங்க ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தா, கோ-அப்ளிகண்டா, அதாவது கூட சேர்ந்து விண்ணப்பிச்சவரா இருந்தா, "பேரு மட்டும் குடு, நான் கட்டிக்கிறேன்"னு சொன்னதை நம்பி ஓடிபி சொல்லியிருந்தா, சட்டப்படி அது உங்க கடன். கசப்பா இருக்கும், ஆனா அதான் நிஜம். ஒப்பந்தச் சட்டம் 1872, 128-வது பிரிவு: ஜாமீன்தாரோட பொறுப்பும் கடன்காரனோட பொறுப்பும் சமம். "முதல்ல அவன்கிட்ட வசூல் பண்ணிட்டு அப்புறம் என்கிட்ட வாங்க"ன்னு சொல்ல உங்களுக்கு உரிமை இல்ல. ஆட்-ஆன் கிரெடிட் கார்டும், அதாவது உங்க கார்டோட சேர்த்து வீட்டு ஆளுக்கு வாங்குற கூடுதல் கார்டும் இதே கதைதான். கார்டு தம்பி கையில இருந்தாலும் பில்லுக்குப் பொறுப்பு மெயின் கார்டுக்காரர். உடனே அந்த ஆட்-ஆனை பிளாக் பண்ணுங்க, பேச்சுவார்த்தை அப்புறம் வச்சுக்கலாம்.

இந்த வகையில இருக்கிறவங்க போலீஸ்ல போய் "என் கையெழுத்தே இல்ல"ன்னு பொய்ப் புகார் குடுக்காதீங்க. ஆள் யாருன்னு சரிபார்க்க எடுத்த வீடியோ கேஒய்சில உங்க முகம் இருக்கும், மாட்டிக்குவீங்க.

உங்களுக்குத் தெரியாமலே உங்க ஆதார், பேன் காப்பியை வச்சு எடுத்திருந்தா, அது மோசடி. இதுக்குத்தான் நிறைய வேலை இருக்கு, கொஞ்சம் நிதானமா கேளுங்க.

ஒரு தவணைகூட கட்டாதீங்க. "இந்த மாசம் மட்டும் கட்டிடுங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்"னு ஏஜெண்ட் இனிக்க இனிக்கப் பேசுவான். குடும்ப மானம்னு நினைச்சு நாம 2,000 ரூபா அனுப்பிடுவோம். நாளைக்கு "இது என் கடன் இல்ல"ன்னு சொன்னா, "அப்போ ஏன் கட்டினீங்க?"ன்னு கேப்பாங்க, பதில் இருக்காது. இன்னொண்ணும் இருக்கு. கடன் வசூல் கேஸ் போட காலக்கெடு பொதுவா 3 வருஷம். கெடு முடியுறதுக்கு முன்னாடி நீங்க கொஞ்சம் கட்டினாலோ, கடனை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தாலோ அந்தக் கெடு புதுசா ஆரம்பிக்கும். லிமிட்டேஷன் சட்டம் 18, 19-வது பிரிவு. வாட்ஸ்அப்ல "அடுத்த வாரம் பார்க்கலாம் சார்"னு டைப் பண்றதும் வேண்டாம்.

அடுத்தது, கடன் குடுத்த கம்பெனிக்கு ஈமெயில். கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணினா காத்துல போயிடும். குறை தீர்க்கும் அதிகாரி, நோடல் ஆபீசர் மெயில் ஐடி அவங்க சைட்லயே இருக்கும். "இந்தக் கடனுக்கு நான் விண்ணப்பிக்கல"ன்னு ஒரு வரி. அப்புறம் கேக்க வேண்டிய காகிதம்: அப்ளிகேஷன், கேஒய்சி காப்பி, கையெழுத்தான ஒப்பந்தம், எடுத்த செல்ஃபி அல்லது வீடியோ, ஓடிபி போன மொபைல் நம்பர், பணம் போன அக்கவுண்ட் நம்பரும் யூடிஆர் நம்பரும் (அந்தப் பணப் பரிமாற்றத்தோட அடையாள எண்), ஆட்டோ டெபிட் மேண்டேட் (தவணையைத் தானா எடுத்துக்க பேங்குக்குக் குடுத்த அனுமதி). கடைசி ரெண்டுதான் உயிர். டிஜிட்டல் லோன்னா பணம் கடன் வாங்கினவரோட அக்கவுண்டுக்கே போகணும்னு ரிசர்வ் வங்கி சொல்லுது. அப்போ உங்க பேர்ல உங்களுக்கே தெரியாத ஒரு அக்கவுண்ட் எங்கயோ திறந்திருக்கலாம். அந்த பேங்குக்கும் தனியா எழுதணும். இல்ல, பணம் உங்க சொந்த அக்கவுண்டுக்கே வந்து, அங்க இருந்து அவன் ஜிபேல மாத்திக்கிட்டானா? அப்போ கேஸ் கொஞ்சம் சிக்கல்தான். உங்க போனும் பின் நம்பரும் அவன் கையில எப்படிப் போச்சுன்னு நீங்க விளக்கியாகணும்.

அதே நாள் கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனி சைட்லயும் டிஸ்ப்யூட், அதாவது ஆட்சேபம் போடுங்க. சிபில் தானா எதையும் அழிக்காது. கடன் குடுத்தவங்க சரின்னு சொன்னாதான் மாத்தும். பல தடவை "விவரம் சரியாகவே உள்ளது"ன்னு பதில் வரும். ஏன்னா அங்க உக்காந்திருக்கிறவர் தன்னோட கம்ப்யூட்டர்ல இருக்கிறதும் ரிப்போர்ட்ல இருக்கிறதும் ஒத்துப்போகுதான்னு மட்டும்தான் பார்க்கிறாரு, கையெழுத்தைப் பார்க்கல. சோர்ந்துடாதீங்க. போலீஸ் புகார் நம்பரோட திரும்பப் போடுங்க. 30 நாளைக்குள்ள தீர்க்கலன்னா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபா நஷ்டஈடு குடுக்கணும்னு 2024 ஏப்ரல்ல இருந்து விதி இருக்கு. அதை மெயில்ல ஒரு வரி குறிப்பிடுங்க.

இப்போ போலீஸ். இங்கதான் எல்லாரும் தயங்குவோம். மச்சான் மேல கம்ப்ளெயிண்டா, அக்கா என்ன நினைக்கும்னு. உங்க மனசு உங்களுக்குத் தெரியும், அதுல நான் தலையிடல. ஆனா ஒண்ணு: புகார் காகிதம் இல்லாம, "என் சொந்தக்காரன் பண்ணிட்டான்"ங்கிற வாய் வார்த்தைக்கு எந்த பேங்கும் கடனை ரத்து பண்ணாது. புகாரும் குடுக்க மாட்டேன், கடனும் ரத்தாகணும்னா நடக்காது.

ஆன்லைன்ல நடந்ததுன்னா 1930-க்குப் போன் பண்ணுங்க, தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்லயும் பதிவு பண்ணுங்க. பெங்களூருல சைபர் கேஸுக்குன்னு தனி ஸ்டேஷன் இருக்கு. நேர்ல போறப்போ புகாரை கன்னடத்துலயோ இங்கிலீஷ்லயோ ஒரே பக்கத்துல எழுதிக்கோங்க. கல்யாணத்துல நகை குடுக்காத கதையெல்லாம் அதுல வேண்டாம். லோன் நம்பர், தேதி, தொகை, எந்த ஆவணம் பயன்படுத்தினாங்க, எந்த போன் நம்பர், எந்த அக்கவுண்ட், அவ்ளோதான். "இது ஃபேமிலி மேட்டர், சிவில் கேஸ்"னு சொல்லி ஒரு எண்டார்ஸ்மெண்ட் (ஸ்டேஷன் தர்ற எழுத்துப் பதில்) எழுதிக் குடுத்து அனுப்பப் பார்ப்பாங்க. அந்தக் காகிதத்தையும் வாங்கி வச்சுக்கோங்க. அப்புறம் புது கிரிமினல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4) படி டிசிபி (துணை கமிஷனர்) ஆபீசுக்கு எழுத்துல அனுப்பலாம், அதுக்கும் அசையலன்னா மாஜிஸ்திரேட் கோர்ட். கடன் 2024 ஜூலை 1-க்கு முன்னாடி எடுத்ததுன்னா பழைய தண்டனைச் சட்டமான ஐபிசி பிரிவு, அதுக்கு அப்புறம்னா அதுக்குப் பதிலா வந்த பி.என்.எஸ். பிரிவு 318, 319, 336. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி ரெண்டுக்கும் பொருந்தும், 3 வருஷம் வரைக்கும் ஜெயில். கடன் ஓசூர் பிராஞ்ச்ல எடுத்தது, நீங்க இருக்கிறது பனஸ்வாடின்னாலும் பரவாயில்ல. எந்த ஸ்டேஷன் எல்லைன்னு பார்க்காம பதியுற ஜீரோ எஃப்ஐஆர் இங்கயே போடலாம்.

கம்பெனிக்கு எழுதி 30 நாள் ஆச்சு, பதில் இல்ல, இல்ல மழுப்பல் பதில். அடுத்து ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது பேங்க், கடன் கம்பெனி மேல வர்ற புகாரை விசாரிக்கிறவர். ஆன்லைன்ல இலவசம், சந்தேகம் கேக்க 14448. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. "கையெழுத்து போலி"ன்னு மட்டும் எழுதினா, இது விரிவான சாட்சி விசாரணை கேக்குற விஷயம், கோர்ட்டுக்குப் போங்கன்னு மூடிடலாம். அதனால சேவைக் குறையா எழுதுங்க. ஆவணம் கேட்டேன் குடுக்கல, 30 நாள்ல ரிப்போர்ட்டைத் திருத்தல, ஏஜெண்ட் மிரட்டுறான், இப்படி. தேதி போட்டு, மெயில் காப்பியோட.

ஏஜெண்ட் பத்தி சொல்லணும்ல. சாதாரண லோன்னா காலைல 8-க்கு முன்னாடியும் சாயங்காலம் 7-க்கு அப்புறமும் போன் பண்ணக் கூடாது. மைக்ரோ ஃபைனான்ஸ்னா 9-ல இருந்து 6 வரைக்கும்தான். குழு லோன்ல வீட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கிற பழக்கம் இருக்கு பாருங்க, அதுக்கும் விதி இருக்கு. பேசி வச்ச இடத்துக்கு நீங்க தொடர்ந்து ரெண்டு தடவையாவது வராம இருந்தாதான் வீட்டுக்கே வரலாம். பக்கத்து வீட்டுக்காரங்க முன்னாடி அசிங்கப்படுத்தினா வீடியோ எடுங்க, 112-க்குக் கூப்பிடுங்க. ரிசர்வ் வங்கியில பதிவே இல்லாத ஆளு, தெரு வட்டிக்காரன்னா, 2025-ல கர்நாடக அரசு கொண்டுவந்த மைக்ரோ லோன் சட்டம் இருக்கு. மிரட்டி வசூல் பண்ணினா 10 வருஷம் வரைக்கும் தண்டனை.

நோட்டீஸ் வந்தா மட்டும் அலமாரியில போட்டு வைக்காதீங்க. செக் பவுன்ஸ் நோட்டீஸ்னா கையில கிடைச்ச நாள்ல இருந்து பணம் கட்ட 15 நாள்தான் கெடு. ஆட்டோ டெபிட் திரும்பினாலும் அதே மாதிரி கிரிமினல் கேஸ் வரும். கோர்ட்டுக்கு வெளிய ஒரு நடுவர் தீர்ப்பு சொல்ற ஆர்பிட்ரேஷன் நோட்டீஸ் இன்னும் மோசம். சாதாரண லெட்டர் மாதிரி இருக்கும், போகலன்னா நீங்க இல்லாமலே தீர்ப்பு எழுதிடுவாங்க. வக்கீல் ஃபீஸ் கட்ட முடியலன்னா 15100, சட்ட உதவி ஆணையம். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. இதைப் பல பேர் பயன்படுத்திக்கிறதே இல்ல.

ஓட்டையை அடைக்கிறது சின்ன வேலைதான். மத்திய அரசோட சஞ்சார் சாத்தி சைட்ல உங்க பேர்ல எத்தனை சிம் ஓடுதுன்னு தெரியும். உங்களோடது இல்லாததுக்கு நேரா "நாட் மை நம்பர்" அமுக்குங்க. ஆதார் சைட்ல கடைசி ஆறு மாசம் எங்கெங்க உங்க ஆதார் பயன்பட்டுச்சுன்னு பார்க்கலாம், பயோமெட்ரிக்கையும் லாக் பண்ணலாம். ஆனா பயோமெட்ரிக் லாக் மட்டும் போதாது. பாதி லோன் ஓடிபிலதான் நடக்குது. ஆதார்ல இருக்கிற நம்பர் இன்னும் அண்ணன் கையில இருக்கிற பழைய சிம்முன்னா, முதல்ல அதை மாத்துங்க.

கடைசியா, நீங்களே கட்டித் தீர்க்கிறதுன்னு முடிவு பண்ணினவங்களுக்கு. செட்டில்மெண்ட் போட்டா கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும், ஆனா ரிப்போர்ட்ல "செட்டில்ட்"னு நின்னுடும். வீட்டு லோன் போடுற எண்ணம் இருந்தா முழுசா கட்டி "குளோஸ்ட்"னு வாங்குறது நல்லது. தொகையை எழுத்துல வாங்கின அப்புறம்தான் கட்டணும், அதுவும் கம்பெனி அக்கவுண்டுக்கு, ஏஜெண்டோட ஜிபேக்கு இல்ல. ஜாமீன் போட்டவர் கட்டினா, அந்தப் பணத்தைக் கடன்காரர்கிட்ட இருந்து வசூலிக்க ஒப்பந்தச் சட்டம் 145-வது பிரிவு உரிமை குடுக்குது. அதனால கட்டுறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட ஒரு புரோநோட், ரெவென்யூ ஸ்டாம்ப் மேல குறுக்கக் கையெழுத்து, ரெண்டு சாட்சி. சொந்தத்துக்குள்ள எதுக்குன்னு அத்தை கேப்பாங்க, கேக்கட்டும். கட்டி முடிச்சதும் பாக்கி இல்லைன்னு சொல்ற நோ டியூஸ் சர்டிஃபிகேட், குடுத்து வச்ச பிளாங்க் செக், ரெண்டையும் கையோட வாங்குங்க. ஒரு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்து பேலன்ஸ் ஜீரோவான்னு பாருங்க. லோன் நம்பரை மறைச்சுட்டு கமெண்ட்ல கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.